சேர்க்க வேண்டியவை

கறார் அக்கா என்றால் அந்த அலுவலகத்தில் பிடிக்காதவர்களும் இல்லை, பயப்படாதவர்களும் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கிற நிறுவனம் அது. மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேஜை அவளுடையது. மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. "மாமியார் உத்தியோகம்" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். "மருமக ஒழுங்கா இருந்தா மாமியாருக்கு ஏது உத்தியோகம்?" என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பொத்தான்கூட அந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாது.

பக்கத்து மேஜை தாடியுடையது. தாடியை அவன் மழித்துப் பத்து வருடமாகிறது; பெயரைத்தான் மழிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து சண்டை போடாத நாள் கிடையாது. அவன் எழுதுவான், இவள் திருப்பி அனுப்புவாள், அவன் கத்துவான், இவள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கத்துவாள். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் பயந்துபோய் மேனேஜரிடம் ஓடுவார்கள். "அது ஃபேன் ஓடுற சத்தம் மாதிரி. நின்னாத்தான் பயப்படணும்" என்பார் அவர்.

காலையில் வந்ததும் அவள் திறப்பது ஒரே திரைதான். ஆஸ்பத்திரிகளின் பரிசோதனைக் கூடங்களிலிருந்து ரத்தம், சர்க்கரை, உப்பு என்று முடிவுகள் ஓயாமல் வந்து விழும். ஒவ்வொரு முடிவும் அதற்குரிய நோயாளியின் பதிவோடு தானாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறந்த தேதியில் ஓர் எண் மாறினால் போதும், ஒட்டாது. அப்படி யாரோடும் ஒட்டாமல் நிற்பவற்றுக்கு ஆரம்ப காலத்தில் தாடி வைத்த பெயர் 'அநாதைப் பதிவுகள்'. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் அவன் தமிழில் எழுதிவைத்தான். திரையின் மேல் மூலையில், சிவப்புக் கட்டத்துக்குள் தினமும் நிற்கும்: அநாதைகள் 14. அநாதைகள் 9.

அந்த ஒன்பதுக்கும் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எந்த வார்டு, எந்த நர்ஸ், எந்தப் படுக்கை என்று குடைந்தெடுத்து, சாயங்காலத்துக்குள் கட்டத்தில் பூஜ்யம் வந்த பிறகுதான் பையைத் தூக்குவாள். "அழிச்சுத் தள்ளும்மா. அநாதைதானே, யாரு தேடப்போறா?" என்று தாடி கேலி செய்வான். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பானோ. "உன் வேலையைப் பாருய்யா" என்பதோடு அவள் விட்டுவிடுவாள்.

அவள் காப்பகத்தில் வளர்ந்தவள் என்பது தாடிக்குத் தெரியாது. அலுவலகத்தில் யாருக்குமே தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டது அவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்தபோது, "நல்லா மணக்குதே, அம்மா சமையலா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்போது அவள் தங்கியிருந்தது ஒரு விடுதி அறையில், சமைத்தது அவளேதான். இருந்தாலும் "ஆமா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் அம்மா எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள்; ஓர் ஊரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஆனார். வருடம் ஆக ஆக அப்பா குறட்டை விட்டார், அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. தன் கல்யாணத்துக்கு அலுவலகத்தில் ஒருவரையும் அவள் அழைக்கவில்லை. அழைத்தால் பெண்ணின் அப்பா அம்மா எங்கே என்று கேட்பார்களே!

முழங்கால் வலி என்று கேள்விப்பட்டதும் தாடி நல்ல கடையாகப் பார்த்து ஒரு முழங்கால் பட்டை வாங்கி வந்தான். "அம்மாகிட்ட கொடு. தூங்கும்போது கழட்டி வெக்கச் சொல்லு" என்றான். அவள் அதைக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு நிஜமாகவே முழங்கால் வலி. கேட்டால் சிரிப்பு வரும் கதைதான். ஆனால் அந்தப் பட்டையை அவர் காலில் மாட்டிவிடும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வராது.

இப்படி இருக்கையில், பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று இவர்கள் மென்பொருளை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஒரு நிபந்தனையோடு வந்தது. திரையிலும் சரி, உள்ளே இருக்கிற புரோகிராமிலும் சரி, எந்த மனிதரையும் மட்டம் தட்டுகிற சொல் இருக்கக் கூடாது. இருப்பவற்றைப் பட்டியல் போட்டு மாற்ற வேண்டும். மேனேஜர் அந்த வேலையைப் படிப்பு முடித்து இரண்டு வருடமே ஆன ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார். எந்நேரமும் பட்டியலும் கையுமாகத் திரிந்ததால் ஒரே வாரத்தில் அவள் பெயரே 'லிஸ்ட்டு' என்று ஆகிப்போனது.

லிஸ்ட்டு மகா சுறுசுறுப்பு. ஒரு கணினி உத்தரவு போட மற்றவை கேட்கிற ஏற்பாட்டுக்கு எஜமான், அடிமை என்று பெயர் இருந்தது; அது முதன்மை, துணை என்றானது. கறுப்புப் பட்டியல் தடைப் பட்டியல் ஆனது. மின்னஞ்சலில் மற்றவர் கண்ணில் படாமல் அனுப்புகிற குருட்டு நகல் மறை நகல் ஆனது.

"இதுல யாரு வருத்தப்பட்டா? கம்ப்யூட்டர் வந்து அழுதுச்சா?" என்று தாடி முணுமுணுத்தான்.

"அழறவங்க உன்கிட்ட வந்து சொல்லிட்டா அழுவாங்க?" என்றாள் கறார். சொன்ன பிறகு ஏன் வாயைத் திறந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

நூற்றுப் பதினெட்டுச் சொற்கள் சேர்ந்துவிட்டன. அநாதை அதில் இல்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவார்கள். பிறகு ஒப்பந்தப்படி மூன்று வருடத்துக்கு ஓர் எழுத்தைத் தொட முடியாது. யார் வேண்டுமானாலும் சொல் சேர்க்கலாம். ஆனால் முன்மொழிகிறவர் பெயரைப் போட வேண்டும், பக்கத்தில் காரணத்தை எழுத வேண்டும். பட்டியல் அலுவலகத்தின் நாலு மாடிக்கும் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் பட்டையை மாட்டிவிட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

"சேத்துடு" என்றார் அவர், யோசிக்கக்கூட இல்லை.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க."

"உள்ளதைப் போடு."

"உள்ளதைப் போட்டா எங்கம்மா அப்பா என்ன ஆவாங்க?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கலங்கியது. இல்லாத மாமனார் மாமியாரோடு அவரும்தானே இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

"பொய்க்காரின்னு பாப்பாங்க. இல்லேன்னா ஐயோ பாவம்னு பாப்பாங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் அப்புறம் அந்த நாற்காலியில என்னால உக்கார முடியாதுங்க."

"இப்ப மட்டும் நிம்மதியாவா உக்காந்திருக்கே?"

அவளுக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இலவச நோட்டு கொடுத்தது நினைவுக்கு வந்தது. கையில் ஒரு தாளோடு வந்த டீச்சர், "அநாதைங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். கொடுமைக்காரர் இல்லை, சிரித்த முகம்தான். நாலு பேர் எழுந்து, நோட்டு வாங்க டீச்சர் மேஜைவரை நாலு எட்டு நடந்தார்கள். முப்பத்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டு நல்ல நோட்டு, தடித்த அட்டை. அதில் எழுதிப் படித்துத்தான் அவள் முன்னுக்கு வந்தாள். ஆனால் அந்த நாலு எட்டு தூரத்தை இன்னும் நடந்து முடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை திரையைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவப்புக் கட்டத்தில், அநாதைகள் 4,312.

நடந்தது இதுதான். நோயாளிகளின் பதிவேட்டுக்கு உள்ளே 'எஜமான் பதிவேடு' என்று பெயர். முந்தின நாள் லிஸ்ட்டு அதை எல்லா இடத்திலும் 'முதன்மைப் பதிவேடு' என்று மாற்றியிருந்தாள். தாடியின் பழைய புரோகிராம் ஒன்று மட்டும் தப்பிவிட்டது. அது பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில் யாரும் இல்லை. வந்த முடிவுகள் அத்தனைக்கும் சொந்தக்காரர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. அதைவிடக் கொடுமை, அந்த மாற்றம் வெளியே போவதற்கு முன் பார்த்து 'சரி' போட்டது கறார் அக்கா. பத்தொன்பது வருடத்தில் அவள் கண் தவறியது அன்றுதான். அவள் நினைப்பு முழுக்கப் பட்டியலில் இல்லாத சொல்லில் இருந்தது.

ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். மேனேஜர், தாடி, லிஸ்ட்டு, கறார் நாலு பேரும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். தாடி புரோகிராமைத் திருத்தியதும் நாலாயிரத்துச் சொச்சம் தானாகப் போய் ஒட்டிக்கொண்டன. மிச்சம் இருநூற்று அறுபதைக் கையால் சேர்க்க வேண்டியிருந்தது. அறை முழுக்க ஒரே சொல்தான். "என் பங்குக்கு எத்தனை அநாதை?" "அந்த வார்டு அநாதை எல்லாம் எனக்குத் தள்ளுங்க." போனில் ஒரு நர்ஸ், "மேடம், உங்க அநாதை ரெண்டு பேரு எங்ககிட்டதான் இருக்காங்க." லிஸ்ட்டுகூட அப்படித்தான் சொன்னாள், பாவம், பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு.

மதியம் மூன்று மணிக்குப் பத்து முடிவுகள் மிஞ்சின. எவ்வளவு தேடியும் சொந்தக்காரர் அகப்படவில்லை. தாடி நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்தான்.

"பத்துதானே, அழிச்சிடலாம். அநாதைதானே, யாரு தேடப்போறா?"

"நான் தேடுவேன்" என்றாள் கறார்.

குரல் கத்தலாக இல்லை. அதனால்தான் மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நானும் அப்படி இருந்தவதான். காப்பகத்துல வளந்தவ. என்னை யாரும் தேடலை. அதனால நான் தேடுவேன்."

தாடிக்குப் புரியவில்லை. "உங்கம்மா..."

"இல்லை."

"தபால்காரர்?"

"அவரும் இல்லை. நானா சொன்னது. எல்லாம் நானா சொன்னது."

"அப்ப அந்த முழங்கால் பட்டை?"

"எங்க வீட்டுக்காரர் போட்டுக்கறார். நல்லா இருக்குங்கறார்."

லிஸ்ட்டு களுக்கென்று சிரித்துவிட்டு, அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தாடி எழுந்து வெளியே போய்விட்டான். சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது, இனி இந்த இடம் தனக்கு இல்லை என்றே கறார் நினைத்தாள்.

முதலில் வாய் திறந்தது லிஸ்ட்டுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியலில் புதுத் தாளைத் திருப்பி, "அக்கா, என்ன வார்த்தை போடலாம்?" என்றாள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது கறாருக்கு. பாவம் என்று சொல்லவில்லை, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. வேலையைக் கேட்டாள்.

"ஆதரவற்றவைன்னு போடலாமா?" என்றார் மேனேஜர் தயங்கி.

"அதேதான் சார். இஸ்திரி போட்டிருக்கு, அவ்வளவுதான்."

"உரிமை கோரப்படாதவை?" இது லிஸ்ட்டு.

"போலீஸ் ஸ்டேஷன்ல துருப்பிடிச்சுக் கெடக்கற சைக்கிளா?"

"தனித்தவை?"

"என்னமோ ஆசைப்பட்டுத் தனியாப் போன மாதிரி இருக்கு."

இப்படியே ஏழெட்டுச் சொற்கள் விழுந்தன. கறார் எதையும் விடவில்லை; புரோகிராமைத் திருப்பி அனுப்புகிற மாதிரியே ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள். அப்படிச் செய்யச் செய்ய பயம் குறைந்தது. கடைசியில் அவளே சொன்னாள்: "அதுகிட்ட என்ன இல்லைன்னு நாம எதுக்குச் சொல்லணும்? நமக்கு என்ன வேலை இருக்குன்னு சொல்லுவோம். சேர்க்க வேண்டியவை. அப்படிப் போடு."

லிஸ்ட்டு எழுதிக்கொண்டாள். முன்மொழிபவர், காரணம் இரண்டையும் காலியாக விட்டாள். "அதை நாளைக்கு நீங்களே பாத்துக்கங்கக்கா" என்றாள். மிஞ்சிய பத்துக்கும் ஆள் அகப்பட்ட பிறகுதான் அன்று கறார் பையைத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பயந்தபடியேதான் இருந்தது. யாரும் பொய்க்காரி என்று பார்க்கவில்லை. ஐயோ பாவம் என்றுதான் பார்த்தார்கள். மேனேஜர், "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்றார். லிஸ்ட்டு அவள் மேஜையைத் துடைத்துவைத்திருந்தாள். தாடி மூன்று முறை அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தான். அவன் எழுதியதில் பெரிய தப்பு ஒன்றை அவள் திருப்பி அனுப்பியபோது, "சரிம்மா, மாத்திடறேன்" என்றான். சரிம்மாவாம்! மாடியே ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது.

பகல் பன்னிரண்டரைக்குப் பட்டியலைத் திறந்தாள். நூற்றுப் பத்தொன்பதாவது வரி. முன்மொழிபவர் என்ற இடத்தில் தாடியின் முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. காரணம் என்ற இடத்தில் நாலு வரி: "இந்தச் சொல்லை வைத்தவன் நான். யோசிக்காமல் வைத்தேன். அதை வைத்துப் பல வருடம் கேலியும் பேசினேன். இது தவறு என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது."

படித்ததும் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ் தாடி! இது யாரு பேரு?"

"என் பேருதான்" என்றான் அவன், மெல்ல. "நான் வெச்ச சொல்லு, நானே எடுத்துடறேன்."

"எடுக்க நீ யாரு?"

"நாலு மாடியும் படிக்கும்மா. நேத்து ரூமுல இருந்தது நாலு பேரு. நாலு பேரோட போகட்டும்னுதான்."

"பத்தொன்பது வருஷமா நான் மறைச்சது பத்தாதா? இப்ப நீ வேற மறைச்சுக் குடுக்கணுமா? உன்னை யாருய்யா கேட்டா?"

"கேட்டுட்டுத்தான் எல்லாம் செய்யணுமா? நல்லது செஞ்சாலும் திருப்பி அனுப்புவியா நீ?" என்று அவனும் எகிறினான்.

"அனுப்புவேன்! தப்பா இருந்தா அனுப்புவேன்!"

அந்தச் சத்தத்தில் மேனேஜர் அறையை விட்டு எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார். கறார் தாடியின் பெயரை அழித்தாள். தன் பெயரை அடித்தாள். முன்னால் அப்பா பெயரின் எழுத்து கிடையாது, இருந்ததும் இல்லை. நாலு வரியையும் அழித்துவிட்டு இரண்டு சிறு வாக்கியம் எழுதினாள்: "இப்படி அழைக்கப்பட்டு வளர்ந்தவள் நான். கேட்ட ஒவ்வொரு தடவையும் வலித்தது." எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, பட்டியலை அனுப்பினாள்.

தாடி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஒண்ணு கேக்கவா? திட்டக் கூடாது."

"கேளு."

"அந்த அம்மா. சாப்பிடலைன்னா கத்துவாங்க, அப்புறம் அவங்களே இறங்கி வருவாங்க, போனை வெக்கத் தெரியாம அரை மணி நேரம் ஹலோ ஹலோம்பாங்கன்னு எல்லாம் சொல்லுவியே. நேர்ல பாத்த மாதிரி இருக்கும் எனக்கு. அவங்களை எங்கேருந்து புடிச்சே?"

கறார் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கம்மாதான்யா அது."

அவன் அம்மா தினமும் பகல் ஒரு மணிக்குக் கூப்பிடுவார். அவருக்குக் காது மந்தம். தன் குரலும் எட்டாது என்று உரக்கப் பேசுவார். தாடி சாப்பாட்டுக்கு முன் வேலையை விடாமல் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவான். அந்த மூலை முழுக்கக் கேட்கும்.

"சாப்பிட்டியாடான்னு கேப்பாங்க. நீ இல்லைம்பே. உடனே வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. நானும் மனசுக்குள்ள இல்லைம்மான்னு சொல்லிக்குவேன். திட்டுல பாதி எனக்குன்னு எடுத்துக்குவேன். நீ போனை வெச்சப்புறம்தான் நான் டப்பாவைத் திறப்பேன். தினமும்."

தாடி இன்னும் திறக்காமல் இருந்த அவள் டப்பாவைப் பார்த்தான்.

மேஜையில் போன் அடித்தது. பழக்க தோஷத்தில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"சாப்பிட்டியாடா?"

அவன் கறாரைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, லைன்ல இருக்கியா? சாப்பிட்டியா, இல்லையா?"

கறார் போன் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னாள்: "இல்லைம்மா. ரெண்டு பேருமே இன்னும் சாப்பிடலை."

யார் பேசுவது, என்ன ஏது என்றெல்லாம் அந்தப் பக்கம் விசாரிக்கவில்லை.

"மணி என்ன ஆகுது, ரெண்டு பேருக்கும் அறிவு வேணாம்? வயித்தைக் காயப்போட்டுட்டு என்ன பெரிய வேலை? எந்திரிங்க முதல்ல, ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போங்க, சொல்லிட்டேன்!"

"சரிம்மா" என்றாள் கறார், வாய்விட்டு.